பாய்மரமும் அதன் கயிறுகளும்

பழைய பாய்க்கப்பலொன்றைக் கரையினின்று நோக்குவோர் கண்ணை முதற்கண் கவர்வது வானளாவி நிற்கும் பாய்மரமே. அதனைச் சூழ்ந்து வலைபோற் படர்ந்து கிடக்கும் கயிறுகளோ பழகாத கண்ணுக்கு வெறுஞ் சிக்கலாகவே தோன்றும். ஆயினும், காற்றின் பெரும்பாரத்தை ஏற்று மரத்தை முறியாமற் காப்பன அக்கயிறுகளே என்பதும், அவற்றுள் ஒன்றேனும் காரணமின்றிக் கட்டப்பட்டதன்று என்பதும் கப்பலில் வாழ்ந்தோர் அனுபவத்தில் அறிந்த உண்மை.

1765-ல் நீரிலிறக்கப்பட்டு, 1805-ல் டிரபால்கர் யுத்தத்தில் பிரித்தானியக் கடற்படைத் தலைவர் நெல்சனைத் தாங்கிச் சென்ற 'விக்டரி' கப்பலின் நடுமர உச்சி நீர்மட்டத்திலிருந்து 205 அடி. அத்துணை உயரத்துக்கு ஒரே மரம் போதாதாகையால், அடிமரத்தின் தலையில் இடைமரத்தையும், அதன் தலையில் உச்சிமரத்தையும் பொருத்தினர். மூன்று பாய்மரங்களுக்கும் 37 பாய்களுக்குமாக அக்கப்பலில் ஓடிய கயிற்றின் நீளம் ஏறத்தாழ 26 மைல்.

இக்கயிறுகள் இருவகைப்படும். மரத்தை முன்னும் பின்னும் இருமருங்கும் இழுத்துப் பிடித்து அசையாது நிற்பன ஒருவகை. உப்புநீரில் மக்காவண்ணம் தார் பூசப்பெற்றுக் கறுத்திருக்கும் இவற்றுள், பக்கக் கயிறுகளுக்குக் குறுக்கே சிறு கயிறுகளைப் படிகளாகப் பிணைத்து, அவற்றின்வழியே மாலுமிகள் மேலேறுவர். கப்பிகளினூடே ஓடிப் பாயை ஏற்றவும் திருப்பவும் உதவுவன மற்றொருவகை. பாய் தொங்கும் குறுக்குமரத்தைப் பருமல் என்றும், பாயை உயர்த்தும் கயிற்றை ஆஞ்சான் என்றும், பாயின் கீழ்முனையைக் காற்றுக்கேற்ப இறுக்கியும் தளர்த்தியும் ஆளும் கயிற்றைத் தாமான் என்றும் நம் கடலோடிகள் வழங்கினர். திடீரெனச் சுழன்றடிக்கும் காற்றில் தாமானை நெகிழ்க்கக் கணநேரம் தாமதிப்பின், பாய் கிழியும். அல்லது மரம் முறியும்.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930-ல் கட்டப்பட்ட 'அன்னபூரணி' 89 அடி நீளமுள்ள இருமரக் கப்பல். பின்காற்றை வாங்கி ஓட முன்மரத்தில் பருமல்களிற் சதுரப் பாய்களும், பக்கக்காற்றை வசப்படுத்திச் செல்லப் பின்மரத்தில் நெடுக்குப் பாயும் அமைந்தது அதன் இனம். அமெரிக்கராகிய ராபின்சன் அதனை விலைக்குக் கொண்டு வேறு பெயர் சூட்டினார். எனினும் 1938 ஆகஸ்டில் அது மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கிளாஸ்டர் துறையை அடைந்தபோது, அதன் கயிறுகளைப் பற்றி நின்றவர்கள் வல்வெட்டித்துறை மாலுமிகளே. கப்பலும் மரமும் பாயும் விலைக்குக் கிடைக்கும். எந்தக் காற்றில் எந்தத் தாமானை எவ்வளவு நெகிழ்ப்பதென்னும் ஞானமோ அவ்விலையில் அடங்குவதன்று.