வட்டி இறங்கியபோது ஏறிய பங்குகள்

நம் வயதுக்காரர்களுக்கு 12 சதவீத வட்டி நினைவிருக்கும். பி.பி.எஃப். கணக்குக்கு 1986 முதல் அதுதான். 2000 ஜனவரியில் 11 ஆனது. 2001 மார்ச்சில் 9.5, 2002-ல் 9, 2003-ல் 8. வங்கி டெபாசிட் வட்டி அதற்கும் கீழே போனது. பென்ஷன் இல்லாமல் வட்டியை நம்பிக் குடும்பம் நடத்தியவர்கள் திண்டாடினார்கள்.

அப்போது டிவிடெண்ட் தரும் பங்குகளுக்கு மவுசு வந்தது. கணக்கு எளிது. ஆண்டுக்கு 8 ரூபாய் டிவிடெண்ட் தரும் பங்கின் விலை 100 ரூபாய் என்றால் வரவு 8 சதவீதம். வங்கியில் 6 சதவீதம்தான் என்னும்போது அதே 8 ரூபாய்க்காக 130 ரூபாய் கொடுக்கவும் ஆள் இருக்கும். கம்பெனிகளுக்கும் கடன் வட்டி மிச்சம். 2003 பட்ஜெட்டில் டிவிடெண்ட் வாங்குபவருக்கு வரியும் நீங்கியது.

2003 ஏப்ரலில் 3000-க்குக் கீழே இருந்த சென்செக்ஸ், 2004 ஜனவரியில் 6000-ஐத் தாண்டியது. வட்டி மட்டுமே காரணமல்ல. ஆனால் அதுவும் ஒரு காரணம்.

அதே ஆண்டு மே 17 அன்று சந்தை சரிந்த சரிவில் வர்த்தகத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. ஆகஸ்டில் அரசு மூத்த குடிமக்களுக்கு 9 சதவீதச் சேமிப்புத் திட்டம் கொண்டுவந்தது.

டெபாசிட் வட்டி எழுதிக் கொடுத்த வாக்கு. டிவிடெண்ட் அப்படியல்ல, லாபம் இருந்தால் வரும். மருந்துச் செலவுக்கான பணத்தை எதில் வைப்பது என்பதை இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.