சோனகதெரு: எமது நூற்றாண்டின் ஒரு பக்கம்

எமது சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில் அதிபர்களையும் கட்டடங்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் நினைவுகூருகிறோம். வகுப்பு இடாப்பிலிருந்து ஒரே வாரத்தில் மறைந்துபோன பெயர்களும் எமது வரலாறுதான். அந்த வாரம் 1990 ஒக்டோபரின் இறுதி வாரம்.

யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் நேற்று வந்து குடியேறியவர்கள் அல்லர். பல தலைமுறைகளாகச் சோனகதெருவிலும் அதனைச் சூழ்ந்த வீதிகளிலும் வாழ்ந்தவர்கள். அவர்களது வீட்டு மொழியும் தமிழே. நகரத்தின் தையற்கடைகள், இரும்புக்கடைகள், நகைக்கடைகள் பலவற்றை நடத்தியவர்கள் அவர்கள். இலங்கைச் சிவில் சேவையில் இணைந்த முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911 இல் வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றவர். பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். 1955 இல் யாழ். மாநகர முதல்வராக இருந்தவர் எம்.எம். சுல்தான். எமது கல்லூரியிலும் முஸ்லிம் மாணவிகள் எம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்தனர்.

1990 ஓகஸ்டில் கிழக்கு மாகாணம் இரத்தத்தில் தோய்ந்தது. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஏறாவூரில் முஸ்லிம்களும் வீரமுனையில் தமிழரும் கொல்லப்பட்டனர். அந்தப் பகைக்கு விலை கொடுத்தவர்கள், அதில் எந்தப் பங்கும் இல்லாத வடக்கு முஸ்லிம்கள். ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரியிலும், தொடர்ந்து மன்னாரிலும் விடுதலைப் புலிகள் அவர்களை வெளியேற்றினர். ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்தின் முறை வந்தது. ஒலிபெருக்கி அறிவிப்பின்படி ஜின்னா மைதானத்தில் கூடிய மக்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். கையில் கொண்டுபோக அனுமதிக்கப்பட்டது சில நூறு ரூபாவும் உடுத்த உடையுமே. வழியில் சிறுமியரின் காதுத் தோடுகளும் கழற்றி வாங்கப்பட்டன. வடக்கு முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர்.

அப்போது எமக்குப் பத்து வயது. அவர்கள் எங்கே என்று கேட்டபோது பெரியவர்கள் பேச்சை மாற்றினர். அது பயத்தின் காலம். உண்மைகளை எழுதிவந்த மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பின் நிறுவுநர்களுள் ஒருவரான வைத்தியர் ரஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21 இல் கொல்லப்பட்டிருந்தார். அத்தகைய சூழலிலும் அந்த அமைப்பு முஸ்லிம்களின் வெளியேற்றத்தைப் பதிவு செய்தது. அதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்பது யாழ்ப்பாணத்தில் அக்காலத்தைக் கடந்தவர்களுக்குத் தெரியும்.

வெளியேறியவர்களுள் பெரும்பாலானோர் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் தங்கினர். அங்கிருந்த மக்கள் பள்ளிவாசல்களையும் வீடுகளையும் திறந்துவிட்டனர். தற்காலிகம் என்று போட்ட கொட்டில்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் அன்ரன் பாலசிங்கம் இதற்காக மன்னிப்புக் கோரினார். 2009 இன் பின்னர் மீளத் திரும்பியோரைக் கூரையற்ற சுவர்களும் காணிச் சிக்கல்களும் எதிர்கொண்டன. ஒரு குடும்பமாகப் போனவர்கள் நான்கு குடும்பங்களாகத் திரும்பினர். காணி மட்டும் அன்றிருந்த அளவுதான்.

சிறுபான்மையினர் மீதான சகிப்பின்மை துப்பாக்கியோடு மட்டும் வருவதில்லை. சுகாதார விதியின் உருவிலும் வரும் என்பதை வைத்தியர்களாகிய நாம் 2020 இல் கண்டோம். கொவிட் நோயால் இறந்தவர்களை நல்லடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், எல்லா உடல்களையும் எரிக்க வேண்டும் என ஏப்ரலில் வர்த்தமானி வெளியானது. பிறந்து இருபது நாளான முஸ்லிம் குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை மதச் சுதந்திரத்தை உறுதி செய்கிறது. ஆயினும் உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கு ஏற்கவில்லை. நல்லடக்கத்தைத் தடுக்க விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று சமுதாய மருத்துவர்களின் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும் வெளிப்படையாகச் சொல்லின. 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியில் தமிழரும் முஸ்லிம்களும் இக்கோரிக்கையையும் சேர்த்து எழுப்பினர். அம்மாத இறுதியில் தடை நீங்கியது. 2024 இல் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்தால் ஒன்று புலப்படும். எழுத்திலுள்ள சட்டம் தானாக யாரையும் காப்பதில்லை. பாதிக்கப்படாத பக்கத்தில் நிற்பவர்கள், தமது துறையின் பெயராலும் ஊரின் பெயராலும் பேசும்போதுதான் சட்டத்துக்கு உயிர் வருகிறது. 1990 இல் அப்படிப் பேசுவோருக்கு உயிராபத்து இருந்தது. இன்று எமக்கு அந்த ஆபத்து இல்லை.

எனவே எமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். எமது யாப்பின்படி உறுப்புரிமைக்கு விடுகைப் பத்திரம் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போன பிள்ளைகளிடம் அது எப்படி இருக்கும்? 1990 ஆம் ஆண்டு இடாப்புகளிலுள்ள அவர்களது பெயர்களைப் போதிய சான்றாக ஏற்று, புத்தளத்திலும் கொழும்பிலும் வெளிநாடுகளிலும் உள்ள அச்சகோதரிகளைத் தேடி, உறுப்பினர் அட்டையை அவர்கள் கையில் சேர்ப்போம். அவர்கள் இல்லாமல் எமது நூற்றாண்டின் கணக்கு நிறைவு பெறாது.