ஏலத்தில் பிறந்த ஜமீன்கள்: பூந்தமல்லி மிட்டாக்களும் ஜகதீஸ்பூர் இராசபுத்திர ஜமீனும்

ஆய்வுச் சுருக்கம்

நிலையான நிலவரித் திட்டம் வங்காளத்தில் 1793ஆம் ஆண்டிலும் சென்னை மாகாணத்தில் 1802ஆம் ஆண்டிலும் சட்டமாயிற்று. இத்திட்டம் செங்கற்பட்டு ஜாகீரில், குறிப்பாகப் பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தில் ஏன் வேர்கொள்ளவில்லை என்பதை, பீகாரின் ஜகதீஸ்பூர் இராசபுத்திர ஜமீனோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஒருபுறம் நிலக்கிழாரே இல்லாத மண்ணில் ஏலத்தின் வழி நிலக்கிழார் உருவாக்கப்பட்டனர். மறுபுறம் குலவழி நிலக்கிழார் ஒருவர் வரிப்பதிவேட்டின் ஓர் உருப்படியாக மாற்றப்பட்டார்.

திறவுச் சொற்கள்: செங்கற்பட்டு ஜாகீர், மிட்டா, காணியாட்சி, மிராசு, ஜகதீஸ்பூர், குன்வர் சிங், பஞ்சமி நிலம்

ஜாகீர் என்னும் சொல்

தமிழகத்தில் இராசபுத்திர நிலக்கிழமை என்றதும் நினைவுக்கு வருவது செஞ்சி. ஔரங்கசீப்பினால் செஞ்சிக் கோட்டையும் அதைச் சார்ந்த ஜாகீரும் பெற்ற புந்தேலர் சொரூப்சிங்கின் மகன் தேஜ்சிங்கே மக்கள் வழக்கில் தேசிங்குராசன் ஆனார். தந்தை இறந்தபின் ஜாகீர் தமக்கே உரியது என அவர் கொண்டார், ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகான் அதனை ஏற்கவில்லை, வரிநிலுவையைக் கேட்டார். 1714 அக்டோபரில் நடந்த போரில் தேசிங்கு மாண்டார். கதைப்பாடல் இதனை வீரத்தின் நிகழ்வாகப் பாடினாலும், பூசலின் அடியில் இருந்தது ஒரு நிலவுரிமைச் சிக்கல். முகலாய முறையில் ஜாகீர் என்பது பரம்பரைச் சொத்தன்று. பணிக்கு ஈடாக அளிக்கப்பட்ட வரி வருவாய். அதனைக் குலச்சொத்தாகக் கருதிய இராசபுத்திர மரபும், மீட்டுக்கொள்ளத்தக்க ஒப்படைப்பாகக் கருதிய அரசும் மோதியதன் விளைவே செஞ்சிப்போர்.

அதே சொல் அரை நூற்றாண்டுக்குப்பின் சென்னையின் மேற்கே வேறொரு பொருளில் நிலைத்தது. 1639இல் சென்னைக் கடற்கரைத் துண்டு நிலத்தை ஆங்கிலேயர் பெற உதவிய தாமரல சகோதரர்களுள் ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்தவர். கும்பினி அதற்குப்பின் நூறாண்டுக்கு மேல் ஒவ்வோர் ஊராகத்தான் விரிந்தது: 1693இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை, 1708இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம் உள்ளிட்ட ஐந்து ஊர்கள், 1742இல் வேப்பேரி, பெரம்பூர் முதலியன. நவாபு முகம்மது அலிக்குப் போரில் உதவியதற்கு ஈடாக 1750ஐ ஒட்டிப் பூந்தமல்லிச் சீமையும், 1763இல் செங்கற்பட்டுப் பகுதி முழுமையும் கிடைத்தபோது, ஒரு வணிகக் குழுமம் ஜாகீர்தார் ஆயிற்று. 1765இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலம் அதனை உறுதிசெய்தார். தேசிங்கு போரிட்டும் பெறமுடியாத பரம்பரை உரிமையைக் கும்பினி ஒரு ஃபர்மானின் வழி பெற்றுக்கொண்டது என்பது நோக்கத்தக்கது.

காணியாட்சி

தொடக்கத்தில் கும்பினி ஜாகீரை நேரே ஆளவில்லை. நவாபுக்கே குத்தகைக்கு விட்டது. 1780இல் ஐதர்அலி படையெடுத்து வந்த ஆண்டில்தான் நிருவாகத்தைத் தன் கையில் எடுத்தது. அந்தப் படையெடுப்பில் ஊர்கள் பாழாயின, ஏரிகள் உடைந்தன, உழுகுடிகள் சிதறினர். எனினும் அதற்கு முன்பிருந்த நிலைமைக்கு நல்ல சான்று உண்டு. பொறியாளர் தாமசு பர்னார்டு 1767 முதல் 1774 வரை ஜாகீர் ஊர்களை அளந்து பதிவுசெய்தார். அவ்வளவைக்கு அடிப்படையான ஊர்க்கணக்குகள் கணக்குப்பிள்ளைகளின் பனையோலைகளில் எழுதப்பட்டவை. பிற்காலத்தில் தரம்பாலும், அவரைத் தொடர்ந்து சென்னைக் கொள்கை ஆய்வு மையத்தாரும் இவற்றை வெளிக்கொணர்ந்தனர். திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் ஓலைக்கணக்குகள் நூலாகவே வந்துள்ளன.

ஓர் ஊரின் விளைச்சல் களத்திலேயே எத்தனை கைகளுக்குப் பிரிந்தது என்பதை இக்கணக்குகள் காட்டுகின்றன. கோயில், கணக்கு, தலையாரி, வெட்டி, தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் என ஒவ்வொருவருக்கும் மேரையும் சுதந்திரமும் உண்டு. அவை போக எஞ்சியதுதான் மேல்வாரம், குடிவாரம் எனப் பிரிந்தது. இந்த அமைப்பில் ‘நிலத்துக்கு உடையவர் யார்’ என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. காணியாட்சிக்காரர், அதாவது மிராசுதாரர், ஊரைப் பங்குகளாகக் கொண்டிருந்தனர். நிலத்தைப் பொதுவில் வைத்துக் காலந்தோறும் மாற்றிப் பகிர்வது பசுங்கரை. நிலையாகப் பிரித்துக்கொள்வது அருதிக்கரை. அவர்களின்கீழ் உள்குடிப் பாயகாரிகளும் பரகுடிப் பாயகாரிகளும் பயிரிட்டனர். எல்லோருக்கும் அடியில் பெரும்பாலும் பறையராகிய பண்ணையாள்கள் உழைத்தனர். காணியாட்சியை ஊர்க் குடியரசு எனப் போற்றும் எழுத்துகள் இந்த அடித்தளத்தைக் கண்டும் காணாமல் கடந்துவிடுகின்றன. பங்குகள் சமமாகப் பகிரப்பட்டது பங்காளிகளுக்குள் மட்டுமே.

1794 முதல் 1798 வரை ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் இந்த அமைப்போடு நேருக்கு நேர் மோதினார். பாளையக்காரரின் காவல் உரிமைகளை அவர் ஒழித்தார். சென்னைத் துபாசிகள் ஊர்களுக்குள் பங்கு வாங்கி நுழைந்து மிராசுதாரரைத் தூண்டிவிடுகின்றனர் எனக் குற்றஞ்சாட்டினார். பூந்தமல்லிப் பகுதியில் தம் தீர்வைக்கு இணங்காத மிராசுதாரரின் உரிமையைப் பறித்துப் பிறருக்கு வழங்கினார். அச்செயல் மேலிடத்தில் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. தலைநகரிலிருந்து ஒரு பொழுதில் வந்தடையும் தொலைவில் இருந்தமையால், பூந்தமல்லி மிராசுதாரரால் ஆட்சியரைத் தாண்டி மனுக் கொடுக்க முடிந்தது. இதே பிளேஸ் மதுராந்தகம் ஏரிகாத்த இராமர் கதையில் பக்தராக நினைவுகூரப்படுகிறார். ஏரியைப் பழுதுபார்ப்பதும் மிராசைப் பறிப்பதும் அவருக்கு ஒரே நோக்கத்தின் இருபகுதிகள்தாம்: வரி குறையக்கூடாது. பிளேசின் 1799 அறிக்கையை ஆட்சியாளரும் ஊராரும் சேர்ந்து உருவாக்கிய அறிவாக யூஜின் இர்ஷிக் வாசித்தார். அவ்வாசிப்பு பயனுடையதே, ஆயினும் உரையாடலில் ஒருவர் கையில் நிலத்தைப் பறிக்கும் அதிகாரம் இருந்ததை அது மெல்லியதாக்கிவிடுகிறது.

மிட்டாக்கள்

சென்னை மாகாணத்தில் 1802ஆம் ஆண்டின் 25ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் நிலையான நிலவரியைக் கொண்டுவந்தது. இராமநாதபுரம், சிவகங்கை போன்ற பாளையங்களில் ஏற்கெனவே அரசகுடிகள் இருந்தன. அவற்றுக்குச் சன்னது வழங்கினால் போதுமாயிருந்தது. செங்கற்பட்டு ஜாகீரில் அத்தகையோர் இலர். எனவே அரசின் நேரடி நிலப்பகுதி 61 மிட்டாக்களாகக் கூறுபோடப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டது. கூடுதல் விலை கேட்டவர் ‘மில்கியத் இஸ்திமிரார்’ என்னும் நிலைத்த உடைமைச் சன்னது பெற்று ஒரே நாளில் ஜமீன்தார் ஆனார். வாங்கியோருள் சென்னையின் செல்வரும் துபாசிகளும் இருந்தனர்.

இந்தப் புதிய மிட்டாதாரின் நிலையை எண்ணிப்பார்க்க வேண்டும். புழல்கோட்டத்தில் அம்பத்தூர் நாடு எனச் சோழர்காலக் கல்வெட்டுகளிலேயே பெயர்பெற்ற ஓர் ஊர்வட்டத்துக்கு அவர் உரிமையாளராகிறார். ஆனால் அங்கே அவருக்குச் சொந்தமாக ஒரு காணி நன்செய்கூட இல்லாதிருக்கலாம். ஏரி மடையைத் திறப்பவர், களத்தில் பொலி அளப்பவர், பண்ணையாளை ஏவுபவர் எல்லோரும் மிராசுதாரர் பக்கம். கோயிலில் முதல் மரியாதையும் அவர்களுக்கே. அரசுக்குச் செலுத்தவேண்டிய பேஷ்குஷ் நிலையானது; மழையோ நிலையற்றது. 1806, 1807ஆம் ஆண்டுகளின் பஞ்சம் இதனை வெளிப்படையாக்கியது. வரி பாக்கி விழுந்தது. மிட்டாக்கள் மீண்டும் ஏலத்துக்கு வந்தன. வாங்க ஆளில்லாதவற்றை அரசே எடுத்துக்கொண்டது. பத்தாண்டுக்குள் திட்டம் தோல்வி என்பது ஐயமின்றித் தெரிந்துவிட்டது. இறுதியில் மன்றோவின் காலத்தில் இரயத்துவாரி முறையே மாகாணத்தின் பொதுக்கொள்கையாயிற்று.

ஜகதீஸ்பூர்

பீகாரின் ஷாகாபாத்து மாவட்டத்தில் நிலைமை நேர்மாறானது. அங்கு உஜ்ஜைனிய இராசபுத்திரர் பல தலைமுறையாக நிலத்தையும் படையையும் ஒருசேரக் கொண்டிருந்தனர். மூத்த கிளை தும்ராவ். இளைய கிளைகளுள் ஒன்று ஜகதீஸ்பூர். 1793இன் திட்டம் இவர்களை உருவாக்கவில்லை; இருந்தவர்களை வரிப்பதிவேட்டில் எழுதிக்கொண்டது. அந்த எழுத்தில்தான் மாற்றம் நிகழ்ந்தது. முன்பு வரி செலுத்தாத இராசபுத்திரத் தலைவர் மீது படை வரும். பேசித் தீர்க்கலாம், காட்டுக்குள் ஒதுங்கலாம், அடுத்த ஆண்டு திரும்பலாம். இப்போது கெடுநாளின் சூரியன் மறைவதற்குள் பணம் கட்டப்படாவிட்டால் நிலம் ஏலத்துக்குப் போகும். அதே நேரத்தில் உறவினருக்கு மானியம், கோயில் திருப்பணி, அண்டியவர்க்கு உணவு என்னும் பழைய கடமைகள் குறையவில்லை. தலைவரின் மதிப்பு செலவில் இருந்தது. ஜமீனின் உயிரோ வரவில் இருந்தது.

குன்வர் சிங் இந்த முரணில் சிக்கினார். 1850களில் ஜமீன் பல இலட்சம் ரூபாய் கடனில் மூழ்கியிருந்தது. அரசின் மேற்பார்வையில் கடனைத் தீர்க்கும் ஏற்பாடு ஒன்று நடந்துவந்தது. 1857இல் வருவாய் வாரியம், குறுகிய கெடுவுக்குள் புதுக்கடன் திரட்டி முடிக்காவிட்டால் அந்த ஏற்பாட்டைக் கைவிடுவதாக அறிவித்தது. பாட்னா ஆணையர் வில்லியம் டெய்லர் இதனை எதிர்த்தும் பயனில்லை. அவ்வாண்டு சூலை 25இல் தானாப்பூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்து ஆரா நகருக்கு வந்தபோது, ஏறத்தாழ எண்பது வயதினரான குன்வர் சிங் அவர்களின் தலைமையை ஏற்றார். ஆகஸ்டில் மேஜர் வின்சென்ட் அயர் ஜகதீஸ்பூரைக் கைப்பற்றி மாளிகையையும், குன்வர் சிங் பெருஞ்செலவில் எழுப்பிய கோயிலையும் தகர்த்தார். 1858 ஏப்ரலில் கங்கையைக் கடக்கையில் கையில் குண்டடிபட்ட நிலையிலும் ஊர் திரும்பி, கேப்டன் லெ கிராண்டின் படையைத் தோற்கடித்து, சில நாளில் அவர் மறைந்தார். தம்பி அமர்சிங் போரைத் தொடர்ந்தார்.

கடனே கிளர்ச்சிக்குக் காரணம் என்பது காலனிய எழுத்தாளர் பலரின் முடிபு. கே. கே. தத்தா முதலிய பின்னையோர் அதனை மறுத்துத் தேசிய உணர்வை முன்வைத்தனர். இரண்டுமே ஒரு கேள்வியை விட்டுவிடுகின்றன: கடன்பட்ட ஜமீன்தார் ஆயிரம் பேர் இருந்தும், ஜகதீஸ்பூரில் மட்டும் கடன்பட்டவரின் பின்னால் ஊர் ஏன் திரண்டது? அங்கே ஜமீன் என்பது பதிவேட்டு எண்ணுக்கு முன்பே குலமும் படையுமாக இருந்தது. ஆனால் இதையும் அளவோடு சொல்லவேண்டும். அதே குலத்துத் தும்ராவ் மகாராசா மகேசுவர் பக்‌ஷ் சிங் ஆங்கிலேயர் பக்கம் நின்றார். அவர் ஜமீன் ஜமீன்தாரி ஒழிப்புக் காலம்வரை நீடித்தது. இராசபுத்திரர் என்னும் அடையாளம் ஒருவரைக் கிளர்ச்சிக்கும் மற்றவரை விசுவாசத்துக்கும் இட்டுச்செல்லவில்லை. ஜமீனின் வரவுசெலவும் ஆட்சியோடு இருந்த உறவும் இரண்டும் சேர்ந்தே வழியைத் தீர்மானித்தன.

பறிமுதலான ஜகதீஸ்பூர்க் காடு ஐரோப்பியர் கைக்குச் சென்றது. அங்கே குடியேறிய தாம்சன், மைல்ன் ஆகியோரின் பெயரால் அறியப்படுவதே கரும்பு பிழியும் பிகியா இரும்பு ஆலை. அவர்கள் நிலம் திருத்திய அதே போஜ்புரி வட்டாரத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஒப்பந்தக் கூலிகளாக மொரீசியசுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் அங்குள்ள கரும்புத் தோட்டங்களை நோக்கிச் சென்றனர்.

எஞ்சிய மிராசு

ஜகதீஸ்பூரில் ஜமீன் வீழ்ந்தபோது குடிகளும் வீழ்ந்தனர். பூந்தமல்லியில் மிட்டா வீழ்ந்தபோது மிராசுதாரர் வீழவில்லை, வலுப்பெற்றனர். சென்னை ஆட்சியர் எல்லிசு 1816இல் மிராசு உரிமை பற்றிய பதினேழு வினாக்களுக்கு விரிவான விடை எழுதினார். அவரது சிரஸ்தார் சங்கரய்யாவின் பங்கும் அதில் உண்டு. தொண்டைமண்டலத்தில் குறும்பரை வென்ற ஆதொண்டைச் சோழன் வேளாளரைக் குடியேற்றிக் காணி வழங்கினான் என்னும் மரபுக்கதை, செப்பேட்டு, கல்வெட்டுச் சான்றுகளோடு அங்கே நிலவுரிமைக்கு ஆதாரமாயிற்று. திருக்குறளை மொழிபெயர்த்த, திராவிட மொழிக்குடும்பத்தை இனங்கண்ட அதே அறிஞரின் எழுத்து, காணியாட்சியைத் தொன்மையான தனியுடைமையாக உறுதிப்படுத்தியது. தமிழியல் வரலாறு எல்லிசின் முதல் முகத்தை நன்கு அறியும். இரண்டாவதைக் குறைவாகவே பேசுகிறது.

அவ்வுறுதிப்பாட்டின் விளைவு தரிசு நிலத்தில் தெரிந்தது. இரயத்துவாரி முறையில் யாரும் தர்க்காஸ்து கொடுத்துத் தரிசைப் பெறலாம் என்பது கொள்கை. செங்கற்பட்டில் மட்டும் மிராசுதாரருக்கு முன்னுரிமை இருந்தது. பிறர் பயிரிட்டால் துண்டுவரம் கேட்கும் வழக்கமும் இருந்தது. பறையர் குடியிருந்த மனைகூட மிராசுதாரருடையது எனக் கருதப்பட்டதால், கூலி கேட்டுப் பேசிய பண்ணையாள் வீட்டையும் இழக்க நேர்ந்தது. மிட்டாதாருக்கு ஊரில் கிடைக்காத அதிகாரம், சன்னது ஏதுமில்லாத மிராசுதாரருக்கு இவ்வாறு கிடைத்தது.

செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கை இந்த முடிச்சை நேராகத் தொட்டது. 1892 செப்டம்பர் 30இல் வெளியான 1010ஆம் எண் அரசாணை அதன் தொடர்ச்சி. பின்னாளில் பஞ்சமி நிலம் எனப்பட்ட அந்த ஒதுக்கீடுகள், பத்தாண்டுவரை விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாரைத் தவிரப் பிறருக்கு விற்கக்கூடாது என்னும் நிபந்தனைகளோடு வழங்கப்பட்டன. ஆவடியில் படைத்தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்து, காணிக்கணக்கில் பேசப்பட்ட நிலம் சதுர அடிக்கணக்கில் விலைபேசப்படும் இவ்வட்டாரத்தில், 61 மிட்டாக்களின் பெயர்கள் யாருக்கும் நினைவில்லை. பஞ்சமி நிபந்தனைகளை மீறிய கைமாற்றங்கள் பற்றிய வழக்குகளோ தமிழக நீதிமன்றங்களில் இன்னும் நடந்துவருகின்றன.