கியர் ஸ்கைவிங்

கியர் ஸ்கைவிங் என்பது வெட்டுக்கருவியும் பற்சக்கரமும் இணைந்து சுழன்றுகொண்டிருக்கும்போதே பற்களைச் சீவி எடுக்கும் உற்பத்தி முறை. வெளிப்பற்சக்கரங்களையும் இதில் வெட்டலாம் என்றாலும், வளையத்தின் உட்புறம் பற்கள் அமைந்த உட்பற்சக்கரங்களுக்கே இது பெரிதும் பொருந்துகிறது.

உட்பற்சக்கரத்தின் தேவையை அறிய மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டப்புறமே போதும். பகாவ், போர்ட்டிக்சன் வட்டாரங்களில் பால்மரம் நின்ற நிலங்களில் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. எண்ணெய் ஆலையில் குலைகளை ஆவியில் வேகவைத்து, உதிர்ந்த பழத்தைப் பிசைந்து, திருகு அழுத்தியில் பிழிகிறார்கள். மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,450 முறை சுற்ற, அழுத்தியின் திருகு 10 முறை அளவிலேயே சுற்ற வேண்டும். வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்குவது கியர் பெட்டியின் வேலை. இத்தகைய பெட்டிகளில் கோள்வகை ஒன்று: நடுவில் சூரியச் சக்கரம், அதைச் சுற்றிக் கோள் சக்கரங்கள், வெளியே உட்பற்கள் கொண்ட வளையம்.

அந்த வளையத்தை வெட்டுவதுதான் சிரமம். வெளிப்பற்களை வேகமாக வெட்டும் ஹாபிங் கருவிக்கு வளையத்துக்குள் நுழைய இடம் கிடையாது. எட்வின் ஃபெலோஸ் 1890களில் அமெரிக்காவில் உருவாக்கிய ஷேப்பிங் எந்திரம் உள்ளே நுழையும். ஆனால் கருவி மேலும் கீழும் அசைந்து வெட்டுவதால் திரும்பும் அசைவு முழுவதும் வீண். புரோச்சிங் என்னும் இன்னொரு முறை மிக விரைவானது. ஆனால் அதன் நீண்ட கருவி விலை மிகுந்தது, ஒரே அளவு சக்கரத்துக்கு மட்டுமே உதவும்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் எந்திரத் தொழில் நடத்திய வில்ஹெல்ம் ஃபான் பிட்லர் 1910இல் இதற்கு வேறொரு வழிக்குக் காப்புரிமை கோரினார். கருவியின் அச்சைச் சக்கரத்தின் அச்சுக்குச் சாய்வாக வைத்தால், இரண்டும் பற்கள் பொருந்திச் சுழலும்போது கருவியின் விளிம்பு பல்லின் நீளவாக்கில் வழுக்கிச் செல்லும். அந்த வழுக்கலே வெட்டு. நேர்ப்பற்சக்கரம் ஒன்றை 20 பாகைச் சாய்வில் வெட்டும்போது கருவியின் சுற்றுவேகம் நிமிடத்துக்கு 300 மீட்டர் என்றால், வெட்டும் வேகம் சுமார் 100 மீட்டர். அச்சுகள் இணையாக இருந்தால் வெட்டே நிகழாது. வீண் அசைவும் இல்லை என்பதால் ஷேப்பிங்கைவிடப் பலமடங்கு விரைவில் வேலை முடியும்.

இவ்வளவு எளிய கருத்து ஏறக்குறைய நூறாண்டுகள் பட்டறைகளில் பரவாமல் கிடந்தது. காரணம் எந்திரத்தின் போதாமை. கருவியில் 30 பற்கள், வளையத்தில் 90 பற்கள் என்றால் கருவி மூன்று சுற்றுக்கு வளையம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். 100 மில்லிமீட்டர் ஆரத்தில் ஒரு பாகையின் நூறில் ஒரு பங்கு தவறினாலே பல்லின் பக்கம் 17 மைக்ரான் விலகிவிடும். பழைய இயந்திரப் பிணைப்புகளால் அதிவேகத்தில் அந்தத் துல்லியத்தைத் தர முடியவில்லை. மேலும், வெட்டின் போக்கில் விளிம்பின் கோணம் மாறிக்கொண்டே போய், கடைசியில் உலோகத்தைச் சீவாமல் தேய்க்கும் நிலைக்கு வந்துவிடும். கருவி விரைவில் மழுங்கும். கணினிக் கட்டுப்பாட்டில் ஒத்திசையும் நேரடி மோட்டார்கள், விறைப்பான எந்திர உடல், மேற்பூச்சிட்ட கார்பைடு கருவிகள் ஆகியவை ஒன்றுசேர்ந்த பிறகே, இந்த நூற்றாண்டில், முறை உயிர்பெற்றது. இப்போது ஒரே வெட்டில் முடிக்காமல், ஆழத்தைப் பல சுற்றுகளாகப் பிரித்துச் சீவுகிறார்கள்.

கடினப்படுத்திய எஃகிலும் இது பயன்படுகிறது. வெப்பச் செயல்முறையில் சக்கரம் சற்றே நெளிந்துவிடும். முன்பே விட்டுவைத்த மெல்லிய படலத்தைக் கார்பைடு கருவியால் சீவி அந்த நெளிவைத் திருத்தலாம். சாணைச் சக்கரம் எளிதில் நுழையாத உட்பற்களில் இது பெரிய வசதி. மின்வாகனங்களின் கோள்வகைப் பெட்டிகள் இந்த முறைக்கு நல்ல சந்தையைத் தந்துள்ளன.

தோட்ட ஆலையின் கணக்கு வேறு. ஸ்கைவிங் கருவியைப் பற்களின் அளவு, சாய்வு ஆகியவற்றுக்கேற்பத் தனியே வடிவமைக்க வேண்டும். அந்தச் செலவு நூற்றுக்கணக்கான வளையங்களில் பரவினால்தான் கட்டுப்படியாகும். அழுத்தியின் பெட்டியில் உடைந்த ஒற்றை வளையத்துக்கு மாற்று செய்ய, மெதுவானாலும் ஷேப்பிங் எந்திரமே இன்றும் சிக்கனமானது.