நீங்க போயிட்டு வாங்க, நான் பையைப் பார்த்துக்கிறேன்!

தீம் பார்க் போகிற எல்லாக் குடும்பத்திலும் இந்த வசனத்தைச் சொல்ல ஒருத்தர் இருப்பார். முட்டி தேய்ந்த பாட்டி, பக்கவாதம் வந்த பெரியப்பா, சின்ன வயசில் போலியோ வந்த அத்தை... யாரோ ஒருத்தர். நாம் ராட்டினத்தில் கத்திக்கொண்டிருக்கும்போது அவர் மரத்தடியில் செருப்புகளுக்கும் புளிசாத டப்பாவுக்கும் காவல் இருப்பார். அவரையும் கூட்டிக்கொண்டு போக மனிதர்கள் இதுவரை என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க சுவாரஸ்யமாக இருந்தது. வரலாறு என்றதும் ஓடிவிடாதீர்கள், ராஜாவும் போரும் இதில் கிடையாது!

முதலில் வண்டிக் கதை. ஜெர்மனியில் நியூரம்பெர்க் பக்கத்தில் ஸ்டீபன் ஃபார்ஃப்ளர் என்று ஒரு கடிகாரக்காரர். நடக்க முடியாதவர். 1655-ல், சுமார் 22 வயதில், கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியைத் தனக்காகத் தானே செய்துகொண்டார். நம் பஸ் ஸ்டாண்டுகளில் கையால் பெடல் சுற்றி ஓட்டுகிற வண்டியைப் பார்த்திருப்பீர்களே, அதற்கு இவர் வண்டிதான் தாத்தா.

அடுத்து அமெரிக்கா. ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்பவர் சுரங்க விபத்தில் அடிபட்டு நடக்க முடியாமல் போனவர். அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்ஸ் ஒரு இன்ஜினியர். இரண்டு பேரும் சேர்ந்து 1933-ல் மடிக்கக்கூடிய இரும்புச் சக்கர நாற்காலியைச் செய்தார்கள். மடித்தால் காருக்குள் போய்விடும். அதாவது மற்றவர்களோடு வெளியூர் போகலாம்.

1968-ல் அதே அமெரிக்காவின் மிச்சிகனில் ஆலன் தீமி என்பவர் பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர வண்டியைச் செய்தார். அவர் பிளம்பிங் வேலை பார்த்தவர். வீட்டில் ஒருவருக்கு நரம்பு நோய் வந்து நடப்பது சிரமமானதால் செய்தது அது. வைத்த பெயர் 'அமிகோ'. ஸ்பானிஷில் நண்பன் என்று அர்த்தம். இன்று மொபிலிட்டி ஸ்கூட்டர் என்று சொல்வது இந்த வகையைத்தான். மெதுவாகப் போகும், புகை கிடையாது, கட்டடத்துக்குள்ளேயே ஓட்டலாம்.

கவனித்தீர்களா? ஒருவர் தனக்காகச் செய்தார், ஒருவர் நண்பனுக்காக, ஒருவர் வீட்டு ஆளுக்காக. "இவரை விட்டுவிட்டுப் போக முடியாது" என்று யாரோ நினைத்ததில்தான் எல்லாம் ஆரம்பித்திருக்கிறது.

சரி, நம்ம பக்கம் வருவோம். ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் காட்பாடி, அங்கிருந்து வேலூர். டாக்டர் மேரி வர்கீஸ் வேலூர் சி.எம்.சி.யில் படித்தவர். 1954 ஜனவரியில் நடந்த விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. டாக்டர் பால் பிராண்ட் கொடுத்த தைரியத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். கை ஆபரேஷனை உட்கார்ந்தும் செய்யலாம் அல்லவா! பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி எடுத்துத் திரும்பினார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் உருவானது. 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. நாற்காலி ஒரு பாதி, அதற்கு ஏற்ற இடமும் வேலையும் மறுபாதி என்பதை இவர் கதையிலிருந்துதான் புரிந்துகொண்டேன்.

அந்த மறுபாதியில்தான் நாம் கோட்டை விடுகிறோம். தமிழக அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை இலவசமாகக் கொடுக்கிறது. எங்கள் அத்தையிடமும் ஒன்று இருக்கிறது. வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனிக்குத் தினமும் அதில்தான் போகிறார். ரோட்டில் அவரை முந்துவது கஷ்டம்! ஆனால் அது பெட்ரோல் வண்டி, பார்க்கிங்கோடு சரி.

குடும்பமாக ஒரு பார்க்குக்கு வேனில் போனோம் (பேர் வேண்டாம்). வாசலில் ஒரே ஒரு சக்கர நாற்காலி, அதிலும் ஒரு டயரில் காற்று இல்லை. தள்ளிக்கொண்டு போனால் உள்ளே நாலு படி, சரிவுப் பாதை கிடையாது. அத்தைக்கும் முழு டிக்கெட் வாங்கியிருந்தோம். அவர் படிக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்துகொண்டு தலைப்பில் இருக்கிற வசனத்தைச் சொன்னார். கோபமே படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நான் பி.காம் படிக்கிறவன், கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. சரிவுப் பாதைக்குப் பொதுவான அளவு, ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். நாலு படி என்றால் சுமார் 2 அடி உயரம். ஆக 24 அடிக்கு சிமெண்ட் போட்டால் வேலை முடிந்தது. போடாததால் என்ன நஷ்டம்? அடுத்த லீவுக்கு எங்கே போகலாம் என்று பேச்சு வந்தபோது, "அக்கா வர முடியாத இடம் வேண்டாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். போனது ஒரு டிக்கெட் இல்லை, ஏழு டிக்கெட்!

எல்லா ராட்டினத்திலும் எல்லாரையும் ஏற்றச் சொல்லவில்லை. இதய நோய் உள்ளவர்களையும்தான் ஏற்றுவதில்லை. ஆனால் ராட்டினம் வேறு, வழி வேறு. வழியைப் பற்றிச் சட்டமே இருக்கிறது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடங்களையும் பொதுக் கட்டடம் என்றுதான் சொல்கிறது. பொழுதுபோக்கு இடங்களும் அதில் அடக்கம். பழைய கட்டடங்களை மாற்ற, விதிகள் வெளியானதிலிருந்து ஐந்து வருஷம் கெடு. விதிகள் வந்தது 2017 ஜூனில். அப்படியென்றால் 2022-லேயே கெடு முடிந்துவிட்டது.

முடியாத காரியமும் இல்லை. அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் கார்டன் ஹார்ட்மன் என்பவர், மாற்றுத்திறனாளியான தன் மகள் மார்கனுக்காக யோசித்து 2010-ல் 'மார்கன்ஸ் வொண்டர்லேண்ட்' என்ற பார்க்கைத் திறந்தார். நாற்காலியோடு அப்படியே ஏறிக்கொள்ளும் ராட்டினம் அங்கே உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் கிடையாது. 2017-ல் தண்ணீர் பார்க்கும் வந்தது. அங்கே பேட்டரி நனையக் கூடாது என்பதற்காக அழுத்தக் காற்றில் ஓடும் நாற்காலி தருகிறார்கள்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம், நம்ம மெரினாவையே எடுத்துக்கொள்வோம். 2022 நவம்பரில் மணலின் மேல் கடல் வரைக்கும் மரப்பாதை போட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்தது. சரிசெய்து மறுபடி திறந்தார்கள். மணலிலேயே பாதை போட முடிகிறது என்றால் நாலு படி எந்த மூலைக்கு?

வண்டியும் நம்மிடமே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'நியோபோல்ட்' 2021-ல் வெளிவந்தது. சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொள்ளும் பேட்டரி வண்டி. ரோட்டில் ஸ்கூட்டர் மாதிரி போகலாம், போய்ச் சேர்ந்ததும் கழற்றிவிட்டால் நாற்காலியோடு உள்ளே போகலாம்.

அடுத்த தடவை டிக்கெட் எடுக்கும் முன்னால் பார்க்குக்கு ஒரு போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். வாசலிலிருந்து சாப்பாட்டு இடம் வரை படி இல்லாத வழி இருக்கிறதா? நாற்காலி கிடைக்குமா, டயரில் காற்று இருக்கிறதா? கழிவறைக் கதவில் நாற்காலி நுழையுமா? உங்கள் வீட்டில் இன்று எல்லாரும் நன்றாக நடக்கிறவர்களாக இருந்தாலும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் மேனேஜர் கொத்தனாரைக் கூப்பிடுவார். நான் இதுவரை இரண்டு இடத்தில் கேட்டுவிட்டேன். ஒரு இடத்தில், "பார்த்துச் சொல்றோம் சார்" என்றார்கள். பார்க்கட்டும், அடுத்த வாரம் மறுபடி கேட்பேன்.