அவசரப் பிரிவில் நோயாளியின் சம்மதம்: தெரிந்துகொள்ள வேண்டியவை

18 வயது நிரம்பி, சுயநினைவோடு தெளிவாக இருக்கும் நோயாளியின் சிகிச்சையை முடிவு செய்யும் உரிமை அவருக்கே உண்டு. அவசரப் பிரிவிலும் இதுதான் விதி. ஆனால், வயதான தாயாரோ தந்தையோ கட்டிலில் விழித்திருக்கும்போதே பிள்ளைகள் டாக்டரிடம் பேசி முடித்துவிடுவது நம் குடும்பங்களில் வழக்கமாக இருக்கிறது.

நோயாளியைக் கேட்பது ஏன்?

ஆஞ்சியோ வசதி இல்லாத மருத்துவமனைகளில், கடுமையான மாரடைப்புக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவார்கள். எவ்வளவு சீக்கிரம் போடுகிறார்களோ அவ்வளவு நல்லது. ஆயினும் இரத்தக்கசிவு ஏற்படலாம். அரிதாக மூளையிலும் ஏற்படலாம். முன்பு பக்கவாதம் வந்ததா, அண்மையில் அறுவை சிகிச்சை நடந்ததா, மலத்தில் இரத்தம் போனதா என்பது பிள்ளைகளைவிட நோயாளிக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

* எனக்கு என்ன நோய்?
* இந்தச் சிகிச்சையால் என்ன நன்மை, என்ன ஆபத்து?
* வேறு வழி உண்டா?
* செய்யாவிட்டால் என்ன ஆகும்?
* முடிவு சொல்ல எவ்வளவு நேரம் இருக்கிறது?

ஆபத்துகளை விளக்குவது டாக்டரின் சட்டக் கடமை. 1982-இல் விபத்தில் கழுத்தில் அடிபட்டு, அறுவை சிகிச்சைக்குப் பின் உடல் செயலிழந்த ஃபூ ஃபியோ நா தொடுத்த வழக்கில், கூட்டரசு நீதிமன்றம் 2006-இல் இதை உறுதிப்படுத்தியது.

குடும்பத்தின் பங்கு

மலாயோ ஆங்கிலமோ சரியாகப் புரியாத பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார்கள். டாக்டர் சொன்னதைத் தமிழில் சொல்லி, "உங்களுக்குச் சம்மதமாம்மா?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். கிளினிக் புத்தகத்தையும் சாப்பிடும் மாத்திரைகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

மயக்கத்தில் இருந்தால்?

உயிருக்கு ஆபத்து என்றால் கையெழுத்துக்காகக் காத்திராமல் டாக்டர்கள் சிகிச்சையைத் தொடங்கலாம். அப்போது நோயாளியின் ஒவ்வாமை, பழைய நோய்கள், அவர் முன்பே சொல்லியிருந்த விருப்பம் ஆகியவற்றைக் குடும்பத்தார் தெரிவிக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் கேட்கப்படும்.

வேண்டாம் என்றால்?

சிகிச்சையை மறுத்து வீட்டுக்குப் போக விரும்புபவர், சொந்தப் பொறுப்பில் செல்வதாக 'ஏ.ஓ.ஆர்.' பாரத்தில் கையெழுத்திட வேண்டும். அதற்கு முன், என்ன நேரலாம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பிறகு தயங்க வேண்டாம். உடல்நிலை மோசமானால் உடனே 999-ஐ அழையுங்கள், அல்லது மீண்டும் மருத்துவமனைக்கே செல்லுங்கள்.