ஆடை அச்சிடும் முறைகள்

ஆடை அச்சிடல் என்பது தைத்த ஆடையின் மீதோ, தைப்பதற்காக வெட்டிய துணித் துண்டின் மீதோ எழுத்து, படம், சின்னம் முதலியவற்றை நிலைத்து நிற்குமாறு பதிக்கும் தொழில்நுட்பம் ஆகும். பள்ளிகள், விளையாட்டு அணிகள், நிறுவனங்கள் ஆகியவை தமக்கெனத் தனி ஆடைகளைச் செய்துகொள்ளும்போது இது பயன்படுகின்றது. தமிழ்நாட்டில் இத்தொழிலின் முதன்மை மையம் பின்னலாடை நகரான திருப்பூர் ஆகும். அங்கு அச்சிடல் தனித் தொழிலாக இயங்குகின்றது. ஆடை நிறுவனங்கள் பல, வெட்டிய துண்டுகளை அச்சுப் பட்டறைகளுக்கு 'ஜாப் ஒர்க்' எனப்படும் கூலி வேலைக்கு அனுப்பி, அச்சான பின்னர் தைக்கின்றன.

எம்முறை பொருந்தும் என்பதைப் படத்தின் அழகைவிடத் துணியின் இழையும் ஆடைகளின் எண்ணிக்கையுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

வரலாறு

துணியில் கட்டையாலும் கையாலும் வண்ணம் பதிக்கும் கலை தமிழகத்தில் தொன்மையானது. தற்போதைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள கோடாலிக் கருப்பூரில் தஞ்சை மராத்திய அரச குடும்பத்தினருக்கெனச் சேலைகள் செய்யப்பட்டன. சரிகை நெசவும், மெழுகால் சாயத்தைத் தடுத்து வண்ணமேற்றும் முறையும் இவற்றில் இணைந்திருந்தன. அரச ஆதரவு நின்றபின் 19ஆம் நூற்றாண்டில் இச்சேலைத் தொழில் மறைந்தது.

தற்காலத் திரை அச்சு முறைக்கு 1907இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் காப்புரிமை பெற்றார். 1960களில் அமெரிக்காவில் உருவான பலநிறச் சுழல் பொறிகள், பனியன்களில் பெருமளவு அச்சிட வழிவகுத்தன.

முதன்மை முறைகள்

திரை அச்சு
சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியின் மீது ஒளியுணர் பசை பூசப்படும். படத்தின் கறுப்புப் படிவத்தை வைத்து ஒளி பாய்ச்சினால், ஒளி பட்ட பசை இறுகும். படத்தின் நிழலில் இருந்த பசை நீரில் கரைந்து வழிவிடும். அவ்வழியே இரப்பர்ப் பட்டையால் மை தள்ளப்படும். ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு சட்டம் தேவை. மைகளுள் இரண்டு பரவலானவை:

- பிக்மென்ட் மை: நீர் கலந்தது. துணியோடு ஒன்றி மென்மையாக இருக்கும். வெளிர்நிறப் பருத்திக்கு ஏற்றது.
- பிளாஸ்டிசால் மை: நெகிழி சார்ந்தது. அடர்நிறத் துணியையும் மறைக்கும். காற்றில் உலராது, அண்ணளவாக 160 பாகை செல்சியசு வெப்பத்தில் பதப்பட வேண்டும்.

பதங்கமாதல் அச்சு
சிறப்புத் தாளில் அச்சிட்ட சாயம், 180 முதல் 210 பாகை வெப்பத்தில் அழுத்தப்படும்போது ஆவியாகிப் பாலியெஸ்டர் இழைக்குள் புகுகின்றது. தொட்டால் அச்சு தெரியாது, வெடிக்காது, உரியாது. பருத்தி இச்சாயத்தைப் பிடித்துக்கொள்ளாது. வெள்ளை மை இல்லாமையால் வெள்ளை அல்லது வெளிர்நிறத் துணியே வேண்டும்.

நேரடி மைவீச்சு அச்சு
டிடிஜி எனப்படும் இது, தாளில் அச்சிடும் மைவீச்சு அச்சுப்பொறியைப் போல ஆடை மீதே மையைத் தெளிக்கின்றது. சட்டம் தேவையில்லை என்பதால் ஓர் ஆடையையும் அச்சிடலாம். ஒளிப்படங்களும் நன்கு அமையும். பருத்திக்கு ஏற்றது. அடர்நிறத் துணிக்கு முன்கூட்டியே வேதிக் கரைசல் தெளிக்க வேண்டும். வேகம் குறைவு.

படல மாற்று அச்சு
டிடிஎப் எனப்படுவது. படலத்தில் அச்சிட்டு, பசைத்தூள் தூவி உருக்கி, வெப்ப அழுத்தியால் ஆடைக்கு மாற்றப்படுகின்றது. பருத்தி, பாலியெஸ்டர் இரண்டிலும் ஒட்டும். ஆனால் பெரிய படங்கள் காற்றோட்டத்தைத் தடுப்பதால், வெப்பம் மிக்க நாட்களில் அணிவோருக்குப் புழுக்கம் ஏற்படும்.

தேர்ந்தெடுத்தல்

திரை அச்சில் சட்டங்கள் செய்யும் செலவு, 10 ஆடைகளுக்கும் 1000 ஆடைகளுக்கும் ஒன்றே. எண்ணிக்கை கூடும்போது ஓர் ஆடைக்கான பங்கு குறைகின்றது. மைவீச்சு முறையில் தொடக்கச் செலவு குறைவு. ஆனால் எண்ணிக்கை கூடினாலும் ஓர் ஆடைக்கான செலவு பெரிதும் குறைவதில்லை.

எடுத்துக்காட்டாக, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் முசிறி போன்ற ஓர் ஊரில், பள்ளி விளையாட்டு விழாவுக்கு 300 வெள்ளைப் பருத்திப் பனியன்களில் ஒருநிறச் சின்னம் வேண்டின் பிக்மென்ட் திரை அச்சே சிக்கனமானது. அதே பள்ளியின் கைப்பந்து அணிக்கு, ஒவ்வொருவர் பெயரும் எண்ணும் வேறுபடும் 15 பாலியெஸ்டர் சட்டைகள் வேண்டின் பதங்கமாதல் பொருந்தும். ஒரே ஒரு பருத்திப் பனியனில் குடும்ப ஒளிப்படம் வேண்டின் நேரடி மைவீச்சு ஏற்றது.

தவறான தேர்வின் விளைவுகள்

சிவப்புப் பாலியெஸ்டரில் சாதாரண வெள்ளை மையால் அச்சிட்டால், வெப்பத்தில் துணியின் சாயம் மைக்குள் ஏறி வெள்ளை இளஞ்சிவப்பாக மாறும். இது சில நாட்கள் கழித்தும் நிகழலாம். போதிய வெப்பம் பெறாத பிளாஸ்டிசால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் துணி நீளும்போது வெடிக்கும். அச்சான துண்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது அரிது. துணி, சாயம், கூலி அனைத்தும் வீணாகும். எனவே முழுத் தொகுதிக்கு முன் அதே துணியில் ஒரு மாதிரி அச்சிட்டு, துவைத்தும் தேய்த்தும் இழுத்தும் பார்ப்பது வழக்கம்.

நலமும் சுற்றுச்சூழலும்

மையின் வேதிப்பொருள் அணிவோரின் தோலைத் தொடுகின்றது. தீங்கான அமைன்களை வெளியிடும் அசோ சாயங்களை 1994இல் ஜெர்மனி தடைசெய்தது. இந்தியாவும் 1997இல் தடை விதித்தது. பிளாஸ்டிசாலில் சேர்க்கப்படும் சில தாலேட்டுகளுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டுப்பாடு உள்ளது.

திருப்பூரின் சாயக் கழிவுகளால் நொய்யல் ஆறு மாசடைந்ததை அடுத்து, கழிவுநீர் வெளியேற்றமின்மை விதியை நிறைவேற்றாத சாய, சலவை ஆலைகளை மூடுமாறு 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயமிடலோடு ஒப்பிடுகையில் அச்சிடலுக்கு நீர்த்தேவை குறைவு. எனினும் சட்டங்களைக் கழுவும் நீரில் மையும் கரைப்பானும் கலப்பதால், அதையும் சுத்திகரிக்காமல் வெளியேற்றுதல் தீங்கானது. பதங்கமாதலில் அச்சுக்குப் பின் துணியைக் கழுவ வேண்டியதில்லை என்பது அதன் சிறப்புகளுள் ஒன்று.

இவற்றையும் பார்க்க

- திருப்பூர்
- நொய்யல் ஆறு
- பதங்கமாதல்
- கலம்காரி